31 வயதில் மேடையை விட்டவர் எப்படிக் கச்சேரிப் பியானிஸ்ட்? (கிளென் கூல்ட், 14 அங்குல நாற்காலி, ஒட்டுப்போட்ட டேப்)

மூன்றாம் பெடல் | 3 ஜூன், இரவு 9.10
கனடாக்காரர் கிளென் கூல்டைக் கச்சேரிப் பியானிஸ்ட் வரிசையில் உட்கார வைப்பதே தப்பு. 1955 ஜனவரியில் நியூயார்க் அறிமுகம், 1964 ஏப்ரல் 10 லாஸ் ஏஞ்சலீஸில் கடைசி மேடை. நடுவே ஒன்பது வருடம். மொத்தக் கணக்குப் போட்டாலும் 200 கச்சேரி தேறாது. மேடை பயம், ஓடிவிட்டார். அப்புறம் செய்ததெல்லாம் டேப்பைக் கத்தரித்து ஒட்டும் வேலை. மறுப்பவர்கள் மறுக்கலாம்.

பழைய ஸ்பூல் | 3 ஜூன், இரவு 10.25
200 சரி. ஒன்பது வருடம் தப்பு. டொராண்டோவில் 1945இலேயே ஈட்டன் அரங்கில் ஆர்கன் வாசித்துவிட்டார், வயது 13. அடுத்த வருடம் பேத்தோவன் நான்காம் கன்செர்ட்டோவின் முதல் பகுதி, இசைப் பள்ளி ஆர்கெஸ்ட்ராவோடு. வாஷிங்டனிலும் (1955 ஜனவரி 2) நியூயார்க்கிலும் (ஜனவரி 11) வாசித்தபோது கனடாவில் பழைய முகம்.

பயம் இருந்ததா, இருந்தது. ஆனால் பயந்தவர் எல்லாரும் மேடையை விடவில்லையே. விட்டதற்கான காரணத்தை அவர் மனசில் தேடுவதைவிட முட்டிக்குக் கீழே தேடுங்கள். நாற்காலி.

பழைய ஸ்பூல் | 3 ஜூன், இரவு 11.02
நாற்காலியை விளக்காமல் போனால் வம்புப் பேச்சாகிவிடும்.

1953இல் அவருடைய அப்பா ஒரு மடக்கு மர நாற்காலியை எடுத்து நான்கு காலிலும் சுமார் 4 அங்குலம் அறுத்தார். அறுத்த முனைகளில் பித்தளைப் பட்டை, அதில் திருகு. ஒவ்வொரு காலையும் தனியாக ஏற்றி இறக்கலாம். இருக்கை தரையிலிருந்து 14 அங்குலம், சுமார் 35 செ.மீ. சாதாரணப் பியானோ பெஞ்ச் 48 செ.மீ. பக்கம் இருக்கும்.

அதற்கும் கீழே இறங்க ஆசை. இறங்கினால் முழங்கால் மார்பில் இடிக்கும். அதனால் நாற்காலியை விட்டுவிட்டுப் பியானோவைத் தூக்கினார்கள், காலடியில் மரக்கட்டை கொடுத்து ஒன்றே கால் அங்குலம். கிட்டத்தட்ட அரை டன் எடையுள்ள கச்சேரிப் பியானோவை ஒவ்வொரு ஊரிலும் இப்படித் தூக்கவேண்டும். அரங்க ஊழியர்கள் என்ன திட்டியிருப்பார்கள் என்று நீங்களே யூகித்துக்கொள்ளுங்கள்.

இதனால் கைக்கு என்ன ஆகிறது? முழங்கை, வாசிக்கும் கட்டைகளின் மட்டத்துக்குக் கீழே போகிறது. தோளின் எடையை மேலிருந்து இறக்க வழியில்லை. விரல் மட்டும்தான் வேலை செய்யும், அதுவும் கட்டையைக் கீழ்நோக்கி இழுப்பதுபோல. லாபம்: ஒவ்வொரு விரலும் தனித்து நிற்கும். பாக் எழுதிய நான்கு குரல் ஃபியூகில் (ஒரே மெட்டை ஒரு குரலுக்குப் பின் இன்னொரு குரல் எடுத்துத் தொடரும் வடிவம்) நான்கு பேரும் தனித்தனியாகப் பேசுவார்கள். நஷ்டம்: ரக்மானினாஃப் மாதிரி பத்து விரல் அடைத்த உரத்த கோர்வைகளுக்கு (பல சுவரம் ஒரே நேரத்தில்) தோள் வேண்டும். அது வராது. அந்த மாதிரிச் சரக்கு அவர் பட்டியலில் ஏன் இல்லை என்பதற்கு அவர் சொன்ன தத்துவக் காரணங்களில் பாதிதான் தத்துவம், மீதி உட்காரும் உயரம் என்பது என் கட்சி.

கறுப்புக் கட்டை | 4 ஜூன், காலை 7.48
அந்த நாற்காலியின் மெத்தை கிழிந்து, கடைசியில் வெறும் சட்டத்தில் உட்கார்ந்து வாசித்தார். அது கிறீச்சிடுவது ரெக்கார்டில் கேட்கும். பக்கவாத்தியத்தில் பெயர் போட்டிருக்கலாம்.

மூன்றாம் பெடல் | 4 ஜூன், காலை 11.15
சரி, இந்த உயரத்தை அவராகக் கண்டுபிடித்தாரா? வாத்தியார் யாரும் தலையில் குட்டவில்லையா?

பழைய ஸ்பூல் | 4 ஜூன், மதியம் 1.30
பத்து வயதுவரை அம்மா. அதற்கப்புறம் ஆல்பெர்டோ கெரேரோ, சிலி நாட்டுக்காரர், டொராண்டோ இசைப் பள்ளியில். 1952 வரை. கெரேரோவே தாழ உட்கார்ந்து விரலால் வாசிப்பவர். கூல்ட் பிற்பாடு, தானே கற்றுக்கொண்டவன் என்கிற தோரணையில் பேசினார். அதை முழுசாக நம்பவேண்டாம்.

கெரேரோவின் தட்டும் பயிற்சி இப்படி: வலக்கையின் விரல்களைத் தளர்வாகக் கட்டைகள்மேல் வையுங்கள். வலக்கை ஒன்றும் செய்யக்கூடாது. இடக்கை விரலால் வலக்கை விரலின் நுனியைத் தட்டுங்கள். கட்டை அடிவரை போகும், விரல் தானாகத் திரும்பி எழும். அடுத்த சுவரத்துக்கு அடுத்த விரல். ஒரு பத்தி முழுக்க இப்படித் தட்டியபின் தட்டுவதை நிறுத்திவிட்டு அதே பத்தியை மெதுவாக வாசிக்கவேண்டும், தட்டியபோது இருந்த தளர்ச்சி மாறாமல். இரண்டு கைக்கும் தனித்தனியாக. பாக்கின் கோல்ட்பெர்க் வேரியேஷன்ஸ் (ஏரியா என்னும் தொடக்கப் பகுதியும் முப்பது மாறுபாடுகளும்) முழுவதையும் கூல்ட் இப்படித் தட்டி முடிக்க 32 மணி நேரம் ஆனதாகக் கெரேரோவின் இன்னொரு மாணவர் எழுதியிருக்கிறார்.

தப்பு நடக்கும் இடம்: வலக்கை தெரியாமல் உதவ ஆரம்பிக்கும். விரல் தட்டுக்கு முன்பே இறங்கினால் பயிற்சி வீண்.

ஆர்கனையும் மறக்காதீர்கள். ஆர்கனில் ஓங்கி அடித்தாலும் மெல்லத் தொட்டாலும் ஒரே சத்தம். ஒரு சுவரத்தை எடுப்பாகக் காட்டவேண்டுமானால் எப்போது தொடுகிறோம், எப்போது விடுகிறோம் என்பதில்தான் காட்டமுடியும். கூல்டின் பியானோவில் சுவரங்களுக்கு நடுவே அந்தக் காற்று இடைவெளி கேட்கிறதே, அதன் ஊர் அதுதான்.

சுத்தியல் கம்பளி | 4 ஜூன், இரவு 8.20
கையைப் பற்றியே பேசுகிறீர்கள், வாத்தியத்தை யார் பார்ப்பது? ஸ்டைன்வே கம்பெனியின் பியானோ, சிடி 318. 'சிடி' என்பது குறுந்தட்டு இல்லை, கம்பெனியின் கச்சேரிப் பிரிவுக் குறியீடு. 1960 வாக்கில் டொராண்டோ ஈட்டன் அரங்கில் இது அவர் கையில் மாட்டியது. அதைப் பராமரித்தவர் வெர்ன் எட்குவிஸ்ட், பார்வை மிகக் குறைந்த சுருதிக்காரர்.

கூல்ட் கேட்டது லேசான, ஆழம் குறைந்த, உடனே திரும்பும் கட்டை. சாதாரணமாகக் கச்சேரிப் பியானோவில் கட்டை அமுங்கும் ஆழம் 10 மி.மீ. அளவு, அமுக்க வேண்டிய எடை 50 கிராம் அளவு, சுத்தியல் கம்பியைத் தொடப் போகும் தூரம் 45, 46 மி.மீ. கம்பிக்கு ஒன்றரை இரண்டு மி.மீ. இருக்கும்போதே உள்ளே இருக்கும் உந்துகோல் நழுவி, சுத்தியல் தன் வேகத்திலேயே போய் அடித்துவிட்டு விழும். விழும் சுத்தியலைப் பின்தடுப்பு கம்பிக்குச் சுமார் 15 மி.மீ. கீழே பிடித்து நிறுத்தும்.

லேசாக வேண்டுமென்று சுத்தியலை உயர்த்தி, ஆழத்தை அதற்கும் மிஞ்சிக் குறைத்தால், நழுவியபின் கட்டை இன்னும் கொஞ்சம் இறங்கவேண்டிய மிச்ச ஆழம் காணாமல் போகும். உந்துகோல் முழுசாக விலகாது, பின்தடுப்பும் பிடிக்காது, சுத்தியல் துள்ளி இரண்டாம் தடவை கம்பியைத் தொடும். மெல்ல வாசிக்கும்போதுதான் அதிகம் தெரியும்.

பழைய ஸ்பூல் | 4 ஜூன், இரவு 9.05
அப்படியே நடந்தது. பாக்கின் இரண்டு குரல், மூன்று குரல் இன்வென்ஷன்கள் 1964இல் வந்தபோது பியானோவின் நடு ஸ்தாயியில் விக்கல். இயந்திரத்தை மாற்றியமைத்ததன் விளைவு. அதை மறைக்காமல் ரெக்கார்டு அட்டையிலேயே எழுதிக் கேட்பவர்களை எச்சரித்தார். வேறு எவராக இருந்தாலும் பியானோவை மாற்றியிருப்பார். இவர் விக்கலோடு குடித்தனம் நடத்தினார்.

இப்போது மூன்றாம் பெடல் சாருக்கு: தாழ்ந்த நாற்காலி, விரல் மட்டும் வேலை, லேசான கட்டை. மூன்றையும் சேர்த்தால் தெளிவு உண்டு, பருமன் இல்லை. 2,800 பேர் அரங்கின் கடைசி வரிசைக்கு அது போகாது, இரண்டடியில் இருக்கும் மைக்குக்குப் போகும். மைக் இல்லாமல் பெரிய சபாவில் வீணை வாசிப்பதை நினைத்துக்கொள்ளுங்கள். அவர் மேடையை விட்டு ஓடவில்லை, அந்தக் கை போகக்கூடிய இடத்துக்குப் போனது.

மூன்றாம் பெடல் | 5 ஜூன், காலை 6.50
அழகாக இருக்கிறது, ஆனால் 1957 மே மாதம் மாஸ்கோ இசைப் பள்ளியின் பெரிய அரங்கு? முதல் பாதியில் அரங்கம் பாதி காலி. இடைவேளையில் ஜனங்கள் நண்பர்களுக்குப் போன் செய்து வரவழைத்து, இரண்டாம் பாதியில் நிற்க இடமில்லை. 'கடைசி வரிசைக்குப் போகாத' சத்தத்துக்கா அந்தக் கூட்டம்?

பழைய ஸ்பூல் | 5 ஜூன், காலை 9.40
மாட்டிக்கொண்டேன். நேற்று இரவு எழுதியதில் கடைசி மூன்று வரியை வாபஸ் வாங்கவேண்டும். 1957இல் சிடி 318 அவரிடம் கிடையாது, ஒவ்வொரு ஊரிலும் அந்த ஊர்ப் பியானோதான். லெனின்கிராடிலும் அதே வரவேற்பு. அதே மாதம் பெர்லினில் ஆர்கெஸ்ட்ரா நடத்துனர் கராயனோடு பேத்தோவன் மூன்றாம் கன்செர்ட்டோ. ஆக, சத்தம் போயிருக்கிறது.

பழைய ஸ்பூல் | 5 ஜூன், மாலை 4.15
யோசித்துப் பார்த்தேன், பாதி வாபஸ் போதும். 'போகாது' என்றது தப்பு. 'ஒவ்வொரு ஊரிலும் புதிதாகச் சண்டை போட்டால்தான் போகும்' என்று இருந்திருக்கவேண்டும். கனமான உள்ளூர்க் கட்டை, உயரம் தூக்காத பியானோ, குளிர்ந்த அறை. வாசிக்குமுன் கையை முழங்கைவரை சுடுநீரில் 20 நிமிடம் ஊறவைக்கும் பழக்கம் வேறு. கடைசி வரிசைக்குக் கேட்கவேண்டும் என்று சொற்றொடர்களை ஊதிப் பெரிதாக்கி, அந்தக் கெட்ட பழக்கம் பிறகு ஸ்டுடியோவுக்கும் ஒட்டிக்கொண்டு வந்ததை அவரே குறைப்பட்டிருக்கிறார். பாக்கின் ஐந்தாம் பார்ட்டீட்டாவைச் சுற்றுப்பயணம் முழுக்க வாசித்துவிட்டு வந்து பதிவு செய்ததைத்தான் உதாரணம் காட்டுவார். சத்தம் போனது, போகவைத்த விலை அவருக்குப் பிடிக்கவில்லை.

கறுப்புக் கட்டை | 5 ஜூன், மாலை 6.00
கோடையிலும் கம்பளிக் கோட்டும் கையுறையும் போட்ட மனுஷன் ரஷ்யாவில்தான் சந்தேகப்படாமல் திரிந்திருப்பார்.

சுத்தியல் கம்பளி | 5 ஜூன், இரவு 10.30
தோள் விஷயத்தை விட்டுவிட்டீர்கள். 1959 டிசம்பரில் ஸ்டைன்வே ஊழியர் ஒருவர் தோளில் கை வைத்ததில் காயம் என்று சொல்லி மாதக்கணக்கில் கச்சேரிகளை ரத்து செய்தார். 3,00,000 டாலர் கேட்டு வழக்கு. கோர்ட்டுக்கு வெளியே 9,372 டாலர் 35 சென்ட்டில் முடிந்தது. அந்த 35 சென்ட் எந்த விரலுக்கு என்று தெரிந்தால் தேவலை.

பழைய ஸ்பூல் | 6 ஜூன், காலை 8.10
1962 ஏப்ரல் 6, கார்னகி ஹால், பிராம்ஸ் முதல் கன்செர்ட்டோ. நடத்துனர் லியனார்ட் பெர்ன்ஸ்டைன் வாசிப்புக்கு முன்னால் சபையைப் பார்த்து, இந்த வேகம் என் கருத்தல்ல என்று சொல்லிவிட்டுத்தான் கோலைத் தூக்கினார். மொத்தம் சுமார் 53 நிமிடம். அதனால் மனமுடைந்து மேடையை விட்டார் என்று சொல்வது வழக்கம். இல்லை. பேசப்போவது கூல்டுக்கு முன்பே தெரியும், அதற்கப்புறம் இரண்டு வருடம் மேடையில் இருந்தார். இதை இத்தோடு விடலாம்.

மூன்றாம் பெடல் | 6 ஜூன், இரவு 7.25
என் கேள்வியின் இரண்டாம் பாதிக்கு வரவில்லையே. கத்தரித்து ஒட்டினால் அது வாசிப்பா?

பழைய ஸ்பூல் | 6 ஜூன், இரவு 9.50
இதற்குத்தான் காத்திருந்தேன்.

முதலில் வேலை எப்படி நடக்கும் என்று பாருங்கள். ஸ்டுடியோ டேப் விநாடிக்கு 15 அங்குலம், 38 செ.மீ. ஓடும். நிமிடத்துக்கு 72 தட்டு, தட்டுக்கு நான்கு சுவரம் என்று வைத்துக்கொண்டால் ஒரு சுவரத்துக்கு 0.2 விநாடி, டேப்பில் கிட்டத்தட்ட 8 செ.மீ. வெட்ட இடம் தாராளம். ஸ்பூலைக் கையால் முன்னும் பின்னும் உருட்டி, சுவரம் தொடங்கும் 'டக்' கேட்கும் புள்ளியில் மெழுகுப் பென்சிலால் குறி. பள்ளம் வெட்டிய உலோகக் கட்டையில் டேப்பைப் படுக்கவைத்து, காந்தம் ஏறாத பிளேடால் சாய்வாக வெட்டு. நேராக வெட்டினால் ஒட்டில் 'டிக்' கேட்கும், சாய்வாக வெட்டினால் ஒன்று கரைந்து இன்னொன்று வரும். இரண்டு முனையையும் மேலேறாமல் சேர்த்து, முதுகுப்புறம் ஒட்டு நாடா.

எங்கே வெட்டுவது? புதிதாகப் பார்ப்பவர்கள் அமைதியான இடத்தில் வெட்டலாம் என்பார்கள். அங்கேதான் மாட்டும். முந்தைய கோர்வையின் எதிரொலி இன்னும் அறையில் தொங்கிக்கொண்டிருக்கும், வெட்டினால் அது தலையில்லாத முண்டமாக நிற்கும். உரத்த சுவரம் தொடங்கும் நொடிக்கு ஒரு மயிரிழை முன்னால் வெட்டவேண்டும். வரப்போகும் அடி பழைய எதிரொலியை மூடிவிடும்.

கெடுக்கும் மற்றவை: இரண்டு டேக்குகளுக்கு (தனித்தனிப் பதிவு முயற்சிகளுக்கு) நடுவே சுருதி இறங்கியிருப்பது, மைக் ஒரு சாண் நகர்ந்திருப்பது, வேகம் ஒத்துப்போகாதது. கூல்டுக்கென்று கூடுதலாக ஒன்று, வாசிக்கும்போது கூடவே முனகும் பழக்கம். ஒரு டேக்கில் முனகி, அடுத்ததில் முனகாவிட்டால் ஒட்டு பல்லிளிக்கும்.

இனி அவர் சொன்ன உதாரணம், 1966இல் ஒலிப்பதிவின் எதிர்காலம் பற்றி எழுதிய கட்டுரையில் இருப்பது. பாக்கின் 48 பிரிலூட்-ஃபியூக் வரிசை, முதல் புத்தகம், ஏ மைனர் ஃபியூக். எட்டு டேக் எடுத்தார்கள். ஆறாவதும் எட்டாவதும் பிசகில்லாதவை. ஆறாவது கனமாக, சுவரங்களை இழைத்து. எட்டாவது துள்ளலாக, வெட்டி வெட்டி. தனித்தனியாகக் கேட்டால் இரண்டுமே சலிப்பு. வேகம் ஏறத்தாழ ஒன்றாக இருந்ததால் முதலிலும் முடிவிலும் ஆறாவதை வைத்து, நடுவில் எட்டாவதை நுழைத்தார்கள். கவனியுங்கள், தப்பான சுவரத்தை மறைக்க ஒட்டவில்லை. வாசிக்கும்போது தோன்றாத ஒரு யோசனை, கேட்கும்போது தோன்றியது.

அந்தக் கட்டுரையில் எனக்கு உடன்பாடில்லாத இடங்களும் உண்டு. கச்சேரி என்ற வழக்கமே இன்னும் நூறு வருடத்தில் செத்துவிடும் என்றார். இதுவரை சாகும் அறிகுறி இல்லை, டிக்கெட் விலைதான் ஏறியிருக்கிறது.

மூன்றாம் பெடல் | 6 ஜூன், இரவு 10.20
பிசகை மறைக்கவே ஒட்டியதில்லை என்றா சொல்கிறீர்கள்?

பழைய ஸ்பூல் | 6 ஜூன், இரவு 10.31
இல்லை. அதற்கும் ஒட்டினார், எல்லாரும் ஒட்டினார்கள். அவர் வாய்விட்டுச் சொன்னார், மற்றவர்கள் சொல்லவில்லை.

பழைய ஸ்பூல் | 7 ஜூன், காலை 7.30
ஒட்டு மட்டுமே கதை இல்லை என்பதற்குக் கோல்ட்பெர்க். 1955 ஜூன் மாதம், நியூயார்க் 30ஆம் தெரு ஸ்டுடியோ, பழைய தேவாலயம். தொடக்க ஏரியாவுக்கு மட்டும் 20 டேக் தள்ளிவிட்டு 21ஆவது எடுத்தார். பிசகுக்காகத் தள்ளவில்லை. பின்னால் வரும் முப்பது வேரியேஷன்களைப் பற்றி அந்த ஏரியா முன்கூட்டியே எதுவும் உளறிவிடக்கூடாது, வெறும் முகத்தோடு இருக்கவேண்டும் என்பதற்காக.

அந்த ஏரியா 1 நிமிடம் 53 விநாடி. 1981இல் அதே ஸ்டுடியோவில், அதே சிடி 318இல் மறுபடி வாசித்தபோது 3 நிமிடம் 5 விநாடி. மொத்தம் 38 நிமிடம் 34 விநாடியாக இருந்தது 51 நிமிடத்துக்கு மேல் போனது.

சுத்தியல் கம்பளி | 7 ஜூன், காலை 7.55
1981 சிடி 318 இல்லை. யமஹா.

பழைய ஸ்பூல் | 7 ஜூன், காலை 8.20
ஆமாம், யமஹா. காலையில் காபிக்கு முன்னால் எழுதினால் இப்படித்தான். சிடி 318 கிளீவ்லேண்டுக்குப் போய்வந்தபோது 1971இல் கீழே போட்டுவிட்டார்கள், உள்ளிருக்கும் வார்ப்பிரும்புச் சட்டம் நான்கு இடத்தில் விரிசல். கம்பிகளின் மொத்த இழுவிசை ஏறக்குறைய 20 டன், அதைத் தாங்குவது அந்தச் சட்டம். சட்டத்தை மாற்றினால் உள்ளே எல்லாவற்றையும் புதிதாக அளவெடுத்துப் பொருத்தவேண்டும். மாற்றினார்கள், பழைய கை திரும்பவில்லை. அப்படியும் 1973இல் அதை விலைக்கு வாங்கினார்.

அந்த 12 நிமிட வித்தியாசம் மெதுவாக வாசித்ததால் மட்டும் இல்லை. 1955இல் எந்தப் பாதியையும் திரும்ப வாசிக்கவில்லை. 1981இல் சில வேரியேஷன்களில் முதல் பாதியை மட்டும் திரும்ப வாசிக்கிறார். நேரத்தை வைத்து 'வயதானதும் நிதானம் வந்தது' என்று எழுதுபவர்கள் இதைக் கழித்துவிட்டு எழுதட்டும். சில வேரியேஷன்கள் 1981இலும் பறக்கத்தான் செய்கின்றன. அந்த முறை அவர் தேடியது ஒரே நாடி, ஒரு வேரியேஷனின் தட்டு அடுத்ததன் தட்டோடு ஏதோ ஒரு விகிதத்தில் உறவாக இருக்கவேண்டும். நம் ஊர்க்காரர்களுக்கு இதைச் சொல்வது சுலபம்: காலப்பிரமாணம் ஒன்று, நடைதான் மாறுகிறது.

மூன்றாம் பெடல் | 7 ஜூன், மதியம் 12.40
ஒரு நடைமுறைக் கேள்வி. பதினாறு வயதுப் பையன் ஒருத்தன் வீடியோ பார்த்துவிட்டு பெஞ்ச் காலை அறுக்கப் போகிறேன் என்கிறான். என்ன சொல்ல?

சுத்தியல் கம்பளி | 7 ஜூன், மதியம் 1.15
ரம்பத்தைப் பிடுங்குங்கள்.

பழைய ஸ்பூல் | 7 ஜூன், மாலை 5.30
உயரம் மாற்றும் பெஞ்ச் இருந்தால் அறுக்காமலே பரிசோதிக்கலாம். கை தொங்க, முழங்கை மடக்கி, விரலைக் கட்டையில் வைக்கும்போது முன்கை தரைக்கு இணையாக இருப்பது பொது அளவு. அங்கிருந்து ஒரு செ.மீ. இறக்கி ஒரு வாரம். மூன்று செ.மீ.க்கு மேல் இறங்கும் முன் இரண்டைப் பார்க்கச் சொல்லுங்கள். ஒன்று, தோள் காதை நோக்கி ஏறுகிறதா. ஏறினால் கீழே இறங்கியதன் லாபம் போச்சு. இரண்டு, மணிக்கட்டு கட்டை விளிம்புக்குக் கீழே தொங்குகிறதா. தொங்கும் மணிக்கட்டோடு எட்டு சுவர அகலத்துக்குக் கையை விரித்து வேகமாக வாசித்தால் முன்கை நரம்பு சில மாதத்தில் பதில் சொல்லும்.

கூல்டுக்கே பதில் கிடைத்தது. 1977இல் கைகள் சொன்ன பேச்சுக் கேட்காமல் போயின. அந்த செப்டம்பரிலிருந்து அடுத்த ஜூலைவரை நோட்டுப் புத்தகத்தில் தினமும் மணிக்கட்டு, தோள், கழுத்து, கட்டைவிரல் என்று ஒவ்வொன்றாக மாற்றிப் பார்த்து எழுதிவைத்திருக்கிறார். அந்தக் காலத்தில் அவர் ஒலிப்பதிவே செய்யவில்லை. உயரம்தான் காரணம் என்று நான் சொல்லமாட்டேன், மருத்துவர்களே பலவிதமாகச் சொல்கிறார்கள். ஆனால் பையனிடம் அந்த வருடத்தையும் சொல்லுங்கள், வீடியோவில் அது வராது.

மூன்றாம் பெடல் | 7 ஜூன், இரவு 9.00
கச்சேரிப் பியானிஸ்ட் இல்லை என்றதில் பாதியை விட்டுக்கொடுக்கிறேன். 1964 வரைக்கும்.

கறுப்புக் கட்டை | 7 ஜூன், இரவு 9.12
ஓட்டை நாற்காலியில் உட்கார்ந்து பேரம் பேசுகிறீர்கள்.

பழைய ஸ்பூல் | 8 ஜூன், காலை 6.45
லாஸ் ஏஞ்சலீஸ் கடைசிக் கச்சேரியில் என்ன வாசித்தார் என்று ஒருவர் தனிச்செய்தியில் கேட்டிருந்தார். பாக்கின் 'ஃபியூக் கலை'யிலிருந்து சில, நான்காம் பார்ட்டீட்டா, பேத்தோவன் ஓபஸ் 109, ஹிண்டமித் மூன்றாம் சொனாட்டா. இதுதான் கடைசி என்று சபைக்கு அறிவிக்கவில்லை. வந்தவர்கள் கைதட்டிவிட்டு வழக்கம்போல் வீட்டுக்குப் போனார்கள்.